கடலுக்குப் போகும் காலி பாட்டில்கள்

சொவெட்டோ வீட்டுச் சமையலறை மேசையில் டர்பன் நகர வரைபடம் விரிந்து கிடக்கிறது. நாளைக்கு முதன்முதலாகக் கடல் பார்க்கப்போகும் புலெங்கின் விரல், வெயில் பட்டு மின்னும் அந்த நீல ஓரத்தை விட்டு நகர மறுக்கிறது. "தெருவுல போனை எடுக்காதக்கா. இருட்டினப்புறம் நடக்கவே கூடாது. உயிர்காக்கும் காவலர் கரையில நட்ட ரெண்டு கொடிக்கு நடுவுலதான் தண்ணியில இறங்கணும்," என்று போய்வந்த அனுபவத்தில் தங்கை டினியோ அடுக்குகிறாள். கெட்டது அண்டாமலிருக்க வீட்டில் தெளிக்கக் கடல்நீர் வேண்டுமென்று அக்கம்பக்கத்தார் வாசலில் வைத்துவிட்டுப் போன காலி பாட்டில்கள் காற்றில் உருண்டு கலகலக்கின்றன. "இத்தனை பாட்டிலும் பையில போனா என் துணிமணியை எங்கடி வைக்கிறது?" புலெங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலை இழுத்துக்கொண்டு போய்விடும், போகாதே என்று ஒரு வாரமாக உர்ரென்றிருந்த கணவன் மொலெஃபி உள்ளே வருகிறான். கழுவித் துடைத்த பாட்டில் ஒன்றை வரைபடத்தின் நீலத்தின்மேல் வைக்கிறான். "கொடிக்கு நடுவுல நின்னே மொண்டுக்கிட்டு வா."