ரத்தத்துக்குப் பேரம்

"என் ரத்தத்தை எவனோ மாத்திட்டான்! அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

பரிசோதனைக்கூடத்தின் மேஜையில் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் ஓங்கி அடித்தார் பழைய இரும்பு வியாபாரி. வெடவெடவென்று ஒல்லியான மனிதர். அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் அவருடைய மைத்துனன். கடையில் எல்லோரும் அவனை 'லோடு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரத்தம் எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். "என்னங்க மாறிப்போச்சு?"

"எங்க ரெண்டு பேரையும் நல்லாப் பாரும்மா. இவனுக்கு எல்லாம் சரியா இருக்காம். எனக்குச் சர்க்கரை அதிகமாம், கொழுப்பு அதிகமாம். தராசுல ஏத்தினா நான் இவன்ல பாதி! கண்ணு இருக்கிறவன் எழுதுற ரிப்போர்ட்டா இது?"

"மாமாவுக்குக் கொழுப்பு அதிகம்னு அக்கா எப்பவோ சொல்லிட்டா" என்றான் லோடு.

"வாயை மூடுடா!"

"உங்க கண்ணு முன்னாலதானே பேர் எழுதி ஒட்டினேன்? சந்தேகம்னா திரும்ப எடுத்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

திரும்ப ஊசியா? அவர் தொனி சட்டென்று இறங்கியது. கடையில் பேரம் படியாதபோது வழக்கமாக இறங்கும் தொனிதான்.

"சரிம்மா, எதுக்கு வம்பு? பேசி முடிச்சுக்கலாம். இவனுக்குக் கொஞ்சம் ஏத்திப் போடு, எனக்குக் கொஞ்சம் இறக்கிப் போடு. ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல."

"இது ஏலக்கடை இல்லீங்க." அவள் அளவு நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள். "கை காலெல்லாம் குச்சி. வயிறு மட்டும் முன்னால வந்திருக்கு பாருங்க. அந்த இடத்துல சேர்ற கொழுப்புதான் இதயத்துக்கு எமன். எடையை மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. இவரும் முட்டிக்காக எடையைக் குறைக்கணும்தான். ஆனா இப்ப அவசரம் உங்களுக்கு. சாப்பாடு எப்படி?"

"சாப்பிடவே நேரம் கிடையாதும்மா! பகல் பூரா வெறும் டீ."

"அந்த டீயில ஸ்பூனை நட்டு வச்சா விழாம நிக்கும்" என்றான் லோடு.

"சிகரெட்?"

"அது வியாபாரத்துக்கு. எதிராளி விலை சொல்லும்போது புகை விட்டாத்தான் ஒரு மரியாதை."

"ஓட்டை மோட்டார் வாங்கினாக்கூட உள்ளே செம்பா அலுமினியமான்னு பிரிச்சுப் பார்ப்பீங்க" என்று முணுமுணுத்தான் லோடு. "உங்களை மட்டும் மேலோட்டமாப் பார்த்தாப் போதுமா?"

அந்தப் பெண் கேட்டாள். "அப்பாவுக்கு இதய நோய் இருந்துச்சா?"

"அவர் என்னைவிட ஒல்லி. லாரியில சரக்கு ஏத்திக்கிட்டு இருந்தார். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கல."

சொல்லி முடித்த வேகத்தில் மைத்துனன் மேல் பாய்ந்தார்.

"எல்லாம் இந்தத் தடியனால வந்த வினை! நான் பாட்டுக்குக் கடையில இருந்தேன். ஊசின்னா பயமா இருக்கு, துணைக்கு வாங்க மாமான்னு ஒரே அழுகை. இவனுக்குத் தைரியம் வரட்டுமேன்னு நானும் கையை நீட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"யாரு, இவரா? ஊசிக்கா? யாருக்காவது அவசரமா ரத்தம் வேணும்னா நாங்க முதல்ல போன் பண்றதே இவருக்குத்தாங்க!"

வியாபாரி மெல்லத் திரும்பினார். லோடு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"என்னடா இது?"

"போன வாரம் வீட்டு மாடிப்படியில பாதியில நின்னு, போன் பேசுற மாதிரி காதுல வச்சுக்கிட்டீங்க மாமா. மூச்சு வாங்குறது தெரியக்கூடாதுன்னு. உங்க போன் அன்னைக்கு அக்கா கையில இருந்துச்சு, நீங்க வச்சிருந்தது கணக்குப் போடுற மிஷின். அதைப் பார்த்துட்டு அக்கா சமையலறையில உட்கார்ந்து அழுதா. டாக்டர்கிட்ட வாங்கன்னு நேராக் கூப்பிட்டா வருவீங்களா நீங்க?"

அவர் மேஜையிலிருந்த தன் ரிப்போர்ட்டை எடுத்து மடித்தார்.

லோடு அவர் தோளைப் பிடித்துப் பக்கத்து அறைக் கதவுப் பக்கம் திருப்பினான். அதட்ட நினைத்தவன் குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

"நாம ரெண்டு பேரும் நடிச்சது போதும் மாமா. டாக்டர் உள்ளதான் இருக்கார். போங்க. படியில நின்னதை ஒண்ணு விடாம அவர்கிட்டச் சொல்லுங்க. இன்னைக்காவது இதைச் சரி பண்ணுங்க!"