ஜன்னலோரம்

கணவரிடமிருந்து வெட்டியெடுத்த சிறுநீரகம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துத் தண்ணீருக்குள் கிடந்தது. "அபூர்வமான கட்டி மாதிரி தெரியுது. இங்க உறுதியாச் சொல்ல முடியாதும்மா, மதுரை லேபுக்குக் கொண்டுபோங்க" என்று டாக்டர் அதை மரகதவல்லியிடமே கொடுத்துவிட்டார். கணவர் வார்டில் கண் திறக்காமல் கிடந்தார். காவலுக்கு அவர் தங்கை. காலையில் பல் விளக்கினோமா என்பதுகூட மரகதவல்லிக்கு நினைவில்லை. பஸ்ஸில் ஏறி, டப்பா இருந்த ஒயர்கூடையை ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூடையை மடியில வச்சுக்கம்மா, ஆளு உக்காரணும்" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு டிக்கெட் குடுங்க."

"இன்னொரு ஆளு எங்க?"

அவள் இரண்டு பேருக்கான காசை எடுத்து நீட்டினாள். பஸ் நகர்ந்ததும் எழுந்து, கூடைக்கு மேலாகக் கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டாள். காற்று படாவிட்டால் அவருக்குக் குமட்டும்.