கவிழ்ந்து கிடந்த செருப்பு

அந்த நகரத்தில் குண்டு விழத் தொடங்கினால் எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். பழக்கதோஷம்.

அன்று மாஸ்டரின் தோல் செருப்புகள் கவிழ்ந்து விழுந்தன. பக்கத்தில் மூன்று வயது மெர்லினின் சிவப்புச் செருப்புகள்.

"இன்றைக்கும் இடம் வலம் மாறித்தான் வந்தீர்களா?" என்றது தோல் செருப்பு.

"அவளுக்கு அதுதான் வசதி மாமா. நீங்கள் மட்டும் நிமிர்ந்தா கிடக்கிறீர்கள்?"

"அவசரத்தில் கவிழ்த்துவிட்டார், மண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் இல்லாமல் தெருவில் ஓர் அடி வைக்கமாட்டார் என் மாஸ்டர்."

அப்போது பூனையைப் பிடிக்க மெர்லின் வெளியே ஓடினாள். பின்னாலேயே இரண்டு பெரிய வெறுங்கால்கள் ஓடின.

"யாரோ வெறுங்காலோடு போகிறார்கள்," என்று காலடிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தது தோல் செருப்பு. "வளர்ப்பு சரியில்லை."

வெறுங்கால்கள் திரும்பி வந்து மெர்லினை உள்ளே தள்ளின. குண்டு வாசலுக்குச் சற்று தள்ளி விழுந்தது.

சத்தம் அடங்கியதும் ஆட்கள் ஏறி வந்து அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். தெருவில் யாரோ ஒரு போர்வையை விரித்து மூடினார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என் மாஸ்டர் எங்கே?"

"உள்ளேதான் மாமா," என்றன சிவப்புச் செருப்புகள்.

"அதுதானே. எல்லாருக்கும் வழிவிட்டுத்தான் வருவார்."

கவிழ்ந்த செருப்பைக் கண்டால் நிமிர்த்தி வைக்கச் சொல்லி மெர்லினைப் பழக்கியிருந்தார்கள். தன் செருப்பை மாட்டிக்கொண்ட அவள் தோல் செருப்பின் பக்கம் குனிந்தாள். சிவப்புச் செருப்புகள் வேண்டுமென்றே தடுக்கி அவளை விழுத்தின. அழுத பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தாள்.