கவிழ மறுத்த படகு

ஜெனிட்டா பிளைவுட்டை அறுத்து, ஒட்டி, தானே செய்த கயாக் படகு அது. கவிழ்ந்த படகில் திரும்ப ஏறத் தெரிந்த பிறகுதான் கடலுக்குப் போக வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதனால் அவள் தினமும் ஆழமில்லாத கழிமுகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து அதைக் கவிழ்க்கப் பார்த்தாள். படகோ விடாப்பிடியாக நிமிர்ந்தே நின்றது.

மாலையில் மணலில் கிடந்தபோது துடுப்பு முனகியது. "அவ ஊன்றி ஊன்றி என் கழுத்தே ஒடியுது. ஒரு தடவை கவிழ்ந்துதான் தொலையேன்."

"மாட்டேன். கை கிழிய என்னைச் செஞ்சவளை நானே தண்ணியில தள்ளுவேனா?"

"பெரிய பாசம்! கடல்ல அலை உன்கிட்டக் கேட்டுக்கிட்டா கவிழ்க்கும்? அங்கே ஏறத் தெரியாம அவ என்ன பண்ணுவா? இங்கே இடுப்பளவுதானே தண்ணி."

படகு கழிமுகத்துக்கு அப்பால் அலையடித்த கடலைப் பார்த்தது. நாள் முழுக்க நிமிர்ந்து நின்றதில் அதன் விலாவெல்லாம் வலித்தது.

மறுநாள் ஜெனிட்டா களைத்த முகத்தோடு மறுபடியும் சாய்ந்தாள். படகு கண்ணை மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்து புரண்டது. தலைகீழாக மிதந்தபடி, அவள் கை வந்து தன்னைத் தொடும்வரை அது மூச்சே விடவில்லை.