இரவல் டயர்கள்

கல்முனையில் எங்கள் வளவுக்குள் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. காலையில் தகுதிப் பரிசோதனையில் தேறி வந்த என் லொறி, ஜாக்கியின் மேல் தலையைத் தூக்கி நிற்கிறது. பரிசோதனைக்கென்று நசூர்தீன் ஹாஜியாரிடம் இரவல் வாங்கிய இரண்டு முன் டயர்களையும் சாரதி குணம் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டான். தேய்ந்து வழுவழுத்துப் போன எங்கள் பழைய டயர்களை இப்போது திரும்பவும் பூட்டுகிறான். நட்டுகள் கிடக்கும் தகரத் தட்டு அவன் கால் பட்டுக் கிணுங்குகிறது. "பொலிஸ் கடதாசியத்தான் பாப்பான் அக்கா. மழை வந்தா ரோட்டுத்தான் டயரப் பாக்கும்," என்று சிரிக்கிறான். எல்லா லொறிக்காரரும் செய்வதுதானே என்று போன வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடிந்தால் அரிசி ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகிறான். போகிற மலைப்பாதையின் பதினெட்டு வளைவிலும் மழையாம். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் நின்றுவிடுவான். அந்தச் சொல் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

கைத்தொலைபேசி அடிக்கிறது. குணத்தின் மனைவி விதுஷா. "அக்கா, இவரிட்டக் கேட்டா பகிடிதான் விடுவார். நீங்க சொல்லுங்க, லொறி பாஸா?"

என் மற்றக் கையில் சான்றிதழ் இருக்கிறது. முத்திரையின் ஊதா மை விரலில் ஒட்டுகிறது.

"ஓம் புள்ள, பாஸ்."

"அப்பாடா. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. குணத்தின் கை நட்டு இறுக்கும் சாவியிலேயே நிற்கிறது. அவன் என்னைப் பார்க்கவில்லை. சற்றுப் பொறுத்து, அடுத்த நட்டை இறுக்கத் தொடங்குகிறான்.