வாயில் வராத பெயர்

மேற்கே மலையில் நல்ல மழை போலிருக்கிறது. ம்பாஷே ஆறு கலங்கிப் பெருகி, துறைக் கற்களை மூடிக்கொண்டிருந்தது.

நோவெத்துவின் மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு அதற்குள் இறங்கினார்.

"மாமா! நில்லுங்க மாமா! தண்ணி ஏறுது!"

வாளியைப் போட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடினாள். அவர் திரும்பவில்லை. காது நன்றாகவே கேட்கும். புத்திதான் பின்னால் போய்விட்டது. அக்கரையில் தன் அப்பாவின் மாடுகளைத் தேடும் சின்னப் பையனாகிவிட்டார்.

சின்னப் பையனை யார் மாமா என்று கூப்பிடுவார்கள்? பேர் சொன்னால்தான் திரும்புவார். பக்கத்து வீட்டுக் கிழவர் அப்படித்தான் அவரை அடிக்கடி மடக்கிக் கூட்டிவருவார்.

ஆனால் ஹோசா இனத்து மருமகள் மாமனார் பேரைச் சொல்லலாமா? பேர் என்ன பேர், பேரில் உள்ள ஓசைகூட வாயில் வரக்கூடாது. அந்த ஓசையுள்ள சொல்லுக்கெல்லாம் வேறு சொல் தேடித் தேடியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

அவர் பேர் தொடங்குவதோ, கடைவாயில் நாக்கைச் சொடுக்கும் ஒலியில். ஊரே அந்தச் சொடுக்கில்தான் மாடு ஓட்டும். இவள் ஒருத்திதான் விசிலடித்து ஓட்டுவாள். அதற்குப் படாத கேலியில்லை.

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. எட்டிப் பிடிக்கிற தூரமில்லை.

இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? சொல்லித் தொலையேன் பாவி, என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாக்கு கடைவாய்ப் பல்வரை போய் ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தால் போதும்.

"மாமா!" என்றுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் தடி மட்டும் மிதந்து போயிற்று.

அடக்கத்துக்கு மாடு அறுத்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். மாமா மாமா என்று கத்தினேன் என அவள் சொன்னதைக் கேட்டு, நாத்தனார் பேலெக்கா கட்டிக்கொண்டு அழுதாள்.

"உசிரு போற நேரத்துலகூட எங்கப்பா பேரு உங்க வாயில வரலையே அண்ணி! மருமகள்னா இப்படியில்ல இருக்கணும்!"

கிழவிகள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நோவெத்து தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் அவருக்குப் புத்தி தெளிந்திருந்தது. அவள் நீட்டிய புளித்த பாலை வாங்கிக்கொண்டு, அவரே கேட்டார்.

"எல்லாம் மறந்துக்கிட்டே வருது தாயி. நான் எங்கயாச்சும் போனா, பேரைச் சொல்லிக் கூப்பிடு. நானே சொல்றேன், தப்பில்ல. எங்க, இப்ப ஒரு தடவ சொல்லு பாப்போம்."

"போங்க மாமா" என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவர் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பாலைக் குடித்தார்.