ஹனாக் போட வைத்த ஏழு பிழைகள்

"கீழ வேன் காத்துக்கிட்டு நிக்குது குவெதா. இன்னும் எத்தனை நாளைக்கு நோண்டிக்கிட்டே இருப்பீங்க?" என்றார் ஹனாக்.

செக் நாட்டு ப்ரனோ நகரத்தில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர் அவர். காட்டுக் காளான்களை அடையாளம் காட்டும் சிடி ஒன்றைத் தயாரித்திருந்தார். நல்ல மழை பெய்துவிட்டது. இனி ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்துவிடும். இந்த வாரம் சிடி கடைகளுக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை கம்பெனி இருக்குமா என்பதே சந்தேகம்.

"காலையிலதான் சார் ஏழாவது தப்பு மாட்டுச்சு. விஷக் காளான் படத்தைத் தட்டினா சூப் வைக்கிற முறை வருது. அந்த சூப்பைக் குடிச்சவங்க நம்மகிட்ட சண்டை போடக்கூடத் திரும்பி வரமாட்டாங்க" என்றாள் குவெதா. எதையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள் அவள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஹனாக்குக்குக் கோபம் வரவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"ஏழா? சரியா எண்ணினீங்களா?"

"ஏழேதான்."

"அந்த ஏழையும் நான்தான் ரதீம்கிட்ட சொல்லிப் போட வெச்சேன்."

ரதீம்தான் அந்தப் புரோகிராமை எழுதியவன். குவெதாவின் முகம் சிவந்தது.

"என்னை வேவு பார்க்கவா?"

"உங்களை இல்லம்மா, உங்க கண்ணை. வேணும்னே போட்ட ஏழையும் நீங்க புடிச்சிட்டா, உங்களுக்குத் தப்பி வேற எதுவும் இருக்காதுன்னு அர்த்தம். பெரிய கம்பெனிகள்லயே இப்படித்தான் செய்வாங்களாம்."

பீரோவைத் திறந்து ஒரு சிடியை எடுத்தார். "தப்பு போடறதுக்கு முன்னாடியே பத்திரமா எடுத்து வெச்ச நல்ல பிரதி. இது நேரா சிடி பிரதி போடற ஆலைக்குப் போகுது. வெள்ளிக்கிழமை கடையில இருக்கும்."

குவெதாவுக்குக் கோபம் போய்ப் பெருமை பொங்கியது. இத்தனை நாளும் தூக்கத்தில்கூட அவளுக்குக் காளான்தான் வந்துகொண்டிருந்தது. ஹனாக், வரப்போகும் ரதீமுக்கும் சேர்த்து மூன்று சின்னக் கோப்பைகளில் பிளம் சாராயத்தை ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து ரதீம் உள்ளே வந்தான். அரை நாள் லீவு போட்டுக் காட்டுக்குப் போனவன். காலணி முழுக்கச் சேறு, கையில் கூடை.

"வாப்பா. தோத்துட்ட. ஏழையும் புடிச்சிட்டாங்க" என்று கோப்பையை நீட்டினார் ஹனாக்.

"ஏழையுமா? பெரிய ஆளுதான் அக்கா நீங்க. நானே ரொம்ப யோசிச்சு ஒளிச்சு வெச்சேன். எங்க, சொல்லுங்க கேப்போம்."

குவெதா உற்சாகமாக ஆரம்பித்தாள். "விஷக் காளானுக்கு சூப். பிரிண்ட் கொடுத்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. மஞ்சள்னு தேடினா சிவப்பு வருது..."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ரதீமின் சிரிப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. ஏழாவதைக் கேட்டதும் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தான்.

"என்னப்பா, பொறாமையா?" என்று கேட்டபடியே ஹனாக் சிடியோடு வாசலுக்கு நடந்தார்.

"சார், வேனைத் திருப்பி அனுப்பிடுங்க. நான் வேணும்னே போட்டதுல ஒண்ணைக்கூட அக்கா புடிக்கல. இவங்க சொன்ன ஏழும் எனக்கே தெரியாம நான் செஞ்சது, உங்க கையில இருக்கற நல்ல பிரதியிலயும் இருக்கு."